பிணை கிடைத்துவிட்டது, பேர் என்னவாகும்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் அணியினர் ஆகியோருக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



கிழமையில் கிடைக்கும் ஒரேயொரு நாளை விறகுக்கும், துணி துவைக்கவும், டவுனுக்கும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு மணித்தியாலத்தைச் சங்கத்துக்குத் தந்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறோம்.

சம்பளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வீடு, காணி, ஊழியர் சேமலாப நிதி பற்றியும் பேசியிருக்கிறோம். ஆனால் நம்முடைய சம்பளத்தைச் சத்தமில்லாமல் தின்கிற இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் நாம் பேசுவதில்லை. நீதிமன்றம் போடுகிற நிபந்தனைகளைத்தான் சொல்கிறோம்.

நம் தோட்டங்களில் ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் என்ன நடக்கிறது? லயமே கூடி நிற்கும். நகையை அடகு வைப்போம். பிணையாளி தேடுவோம். கிராம உத்தியோகத்தரிடம் கடிதத்துக்கு ஓடுவோம். சட்டத்தரணிக்குக் காசு சேர்ப்போம். மாலையில் "பிணை கெடச்சிருச்சு" என்று தொலைபேசி வந்தால் எல்லோருக்கும் மூச்சு வரும். அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறோம். "என்ன நிபந்தனையில் பிணை கிடைத்தது?" என்று யாராவது கேட்கிறோமா? கேட்பதில்லை. அடுத்த கிழமை அந்தத் தோழர் பிரட்டுக்களத்தில் இல்லாதபோதுதான் கேட்கிறோம். அதற்குள் அவருடைய பேர் போயிருக்கும்.

இன்று உங்களிடம் சொல்ல வந்தது ஒரே விடயம்தான். நாம் எங்கே வேலை செய்கிறோம், எந்த நாளில் வேலை, யாருக்குக் கீழே வேலை என்பது நீதவானுக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். சொல்ல வேண்டிய நேரம், கட்டளை போடுவதற்கு முந்திய அந்த ஐந்து நிமிடம். அதைத் தவறவிட்டால் கட்டளையை மாற்றித் தரும்படி கேட்கலாம். ஆனால் நாமாக மீறக் கூடாது.

பிணை என்பது தயவு அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம், போதைப்பொருள் சட்டம் போன்ற சிலவற்றுக்கு வேறு ஏற்பாடு உண்டு. கொலை போன்ற பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மற்றப்படி, லயத்துச் சண்டை, வாய்த்தர்க்கம், சிறு திருட்டு, கசிப்பு என்று நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் பிணை கேட்பது நம் உரிமை. பிணைத் தொகையும் வழக்கின் சூழ்நிலையைப் பார்த்துத்தான் போடப்பட வேண்டும். அளவுக்கு மிஞ்சக் கூடாது. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்று சட்டத்தரணி எடுத்துச் சொன்னால் அது கவனத்தில் எடுக்கப்பட வேண்டிய விடயம்.

பிணையோடு நிபந்தனைகள் வரலாம். ரொக்கப் பிணை, சரீரப் பிணை, குறிப்பிட்ட நாளில் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து, கடவுச்சீட்டை ஒப்படைத்தல், முறைப்பாட்டாளரையும் சாட்சிகளையும் தொந்தரவு செய்யாதிருத்தல், குறிப்பிட்ட இடத்துக்குப் போகாதிருத்தல். எல்லா வழக்கிலும் எல்லாம் வராது. வந்தது எது என்று தெரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை.

அங்கேதான் நமக்கு முதல் சிக்கல். நம் பகுதி நீதிமன்றங்களில் நடவடிக்கை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. பிணை முறியிலும் சிங்களத்தில் எழுதியிருப்பதில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறோம். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஏதோ ஞாயித்துக்கிழமைன்னாங்க" என்பதே பதில். தோழர்களே, அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி, நீதிமன்றத்தில் பாவிக்கப்படும் மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்புக் கேட்க உரிமை உண்டு. "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது நீதிமன்றத்தை அவமதிப்பது அல்ல. விளங்காமல் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நிபந்தனையை மீறுவதுதான் ஆபத்து.

கையெழுத்து நாளும் நம் பேரும்

பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைப்பது சின்ன விடயம்போலத் தெரியும். ஒரு நிமிட வேலை. ஆனால் மேல் டிவிசனில் இருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ தலவாக்கலைக்கோ போய், வரிசையில் நின்று, திரும்பி ஏறி வந்தால் பொழுது சாய்ந்துவிடும். அது வேலை நாளாக இருந்தால் அன்றைய பேர் இல்லை. பாதி நாள் வந்தாலும் அரைப் பேர்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம், விட முடியவில்லை. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக்கொள்வோம். கிழமைக்கு ஒரு வேலை நாள் போனால் வருடத்துக்கு 52 நாள். 52 பேர் இல்லையென்றால் 70,200 ரூபாய் இல்லை. அந்தச் சம்பளத்துக்குத் தோட்டம் கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 சதவீதம். அதுவே 8,424 ரூபாய். வேலை செய்த நாட்களை வைத்துக் கணக்கிடும் வருட லீவும் அதோடு குறையும். நம் வழக்குகள் ஒரு வருடத்தில் முடிவதும் அபூர்வம். இரண்டு வருடம் இழுத்தால் இழப்பும் இரண்டு மடங்கு. சம்பளம் கூடக் கூட இந்த இழப்பும் கூடும்.

வழக்கு என்ன தீர்ப்போடு முடிந்தாலும் இந்தக் காசு திரும்பி வராது. குற்றவாளி அல்ல என்று விடுதலையானாலும் வராது. ஆகவே இது தண்டனைக்கு முந்திய தண்டனை. நீதவான் நம்மைத் தண்டிக்க நினைத்து அப்படிப் போடுவதில்லை. புதன்கிழமை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அவருக்கு ஒன்றுதான். நமக்குத்தான் ஒன்றல்ல.

பிறகு எப்படித் தவிர்ப்பது? கட்டளை போடுவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். "ஐயா, இவர் தோட்டத்தில் பேர் போட்டால்தான் சம்பளம். கையெழுத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேளுங்கள். கிழமைக்கு ஒரு முறை என்றால் மாதத்துக்கு ஒரு முறை ஆக்க முடியுமா என்று கேளுங்கள்." இவ்வளவுதான். பல வழக்குகளில் ஞாயிற்றுக்கிழமையே போடப்படுகிறது. ஏனென்றால் யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்காத இடத்தில் வேலை நாள் வந்துவிடுகிறது.

ஏற்கெனவே வேலை நாள் போட்டாகிவிட்டதா? அதே நீதிமன்றத்தில் சட்டத்தரணி மூலம் மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி, வேலை நாட்களைக் காட்டலாம். ஆனால் மாற்றம் வரும் வரை பழைய நாளில் போயே ஆக வேண்டும். "இந்தக் கிழமை கொழுந்து அதிகம், அடுத்த கிழமை சேர்த்து வைப்போம்" என்று நினைக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் "பரவாயில்லை, நாளைக்கு வா" என்று வாயால் சொன்னதை நம்பியும் இருக்காதீர்கள். துரை சொன்னாலும் சரி, சங்கத் தலைவர் சொன்னாலும் சரி, நீதிமன்றக் கட்டளையை நீதிமன்றம் மட்டும்தான் மாற்றலாம். மீறினால் பிடியாணை வரும், பிணை இரத்தாகும், கையெழுத்துப் போட்ட பிணையாளியின் தலையிலும் விழும். அந்தப் பிணையாளி யார்? பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இன்னொரு தொழிலாளி.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள்

நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்போது கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ வந்த இடத்தில் ஒரு சண்டை. வழக்கு ஊர் நீதிமன்றத்தில். கையெழுத்து ஊர்ப் பொலிஸில். கிழமைக்கு ஒரு முறை கொழும்பில் இருந்து வந்து கையெழுத்து வைக்க எந்தக் கடை முதலாளி லீவு கொடுப்பார்? ஒரு மாதம் பொறுப்பார். பிறகு, "நீ ஊரிலேயே இரு தம்பி" என்று அனுப்பிவிடுவார். நியமனக் கடிதம்கூட இல்லாத வேலையாக இருந்தால் எதைக் காட்டி நியாயம் கேட்பது?

இந்த இளைஞர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலை செய்யும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைக்க அனுமதி கேட்கலாம். அதற்கு வேலை செய்யும் இடத்தில் இருந்து கடிதம், தங்கியிருக்கும் முகவரி ஆகியவை வேண்டும். இதை முதல் நாளிலேயே கேட்பது நல்லது. முகவரியை மறைத்துத் தோட்ட முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு வேறு இடத்தில் இருந்தால் நீதிமன்றத்தின் நம்பிக்கை போய்விடும்.

வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் இருந்தால் அந்தப் பயணம் நின்றுவிடும். ஏஜென்சிக்குக் காசு கட்டும் முன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா, வெளிநாடு செல்லத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். விமான நிலையத்தில் நிற்கப் போவது அவரல்ல, நீங்கள்.

"அவர் பக்கம் போகாதே"

அடுத்த நிபந்தனை, முறைப்பாட்டாளர் பக்கம் போகாதே, சாட்சிகளோடு பேசாதே என்பது. டவுனில் இருப்பவருக்கு இது சுலபம். வேறு தெருவால் போனால் சரி. நமக்கு?

நமக்கு வீடும் வேலையும் ஒரே இடம். இதுதான் தோட்ட வாழ்க்கையை மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறுபடுத்துகிறது. லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் முறைப்பாட்டாளர். தண்ணீர்ப் பீலி ஒன்று. கோயில் ஒன்று. காலையில் நிற்கும் பிரட்டுக்களம் ஒன்று. சில வழக்கில் முறைப்பாட்டாளர் நம் கொழுந்தை நிறுக்கிற கங்காணியாகவே இருப்பார். வெளிக்கள உத்தியோகத்தராக இருப்பார். அவரிடம் பேசாமல் எப்படிப் பேர் போடுவது? அவர் நிற்கும் மலையில் எப்படிக் கொழுந்து எடுப்பது?

இங்கே கட்டளையில் உள்ள சொல் முக்கியம். "தொந்தரவு செய்யக் கூடாது" என்பது வேறு. "கிட்டப் போகக் கூடாது" என்பது வேறு. "தோட்டத்துக்குள் நுழையக் கூடாது" என்பது முற்றிலும் வேறு. முதலாவதில் வேலைக்குப் போகலாம், வாயை அடக்கிக்கொண்டு. மூன்றாவதில் வேலையும் போய்விடும், வீடும் போய்விடும். அப்படி ஒரு நிபந்தனை கேட்கப்படும்போது, இந்தத் தோட்டம்தான் அவருடைய வேலைத்தளம், இந்த லயம்தான் அவருடைய வீடு, பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். தோட்டம் முழுவதும் என்பதற்குப் பதிலாக, காரியாலயம் மட்டும், அல்லது குறிப்பிட்ட லயம் மட்டும் என்று குறுக்கிக் கேட்கலாம்.

சம்பளப் போராட்ட நேரங்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தலைவர்கள் மீது வழக்கு வந்து, தோட்டத்துக்குள் வரத் தடை கேட்கப்பட்டால், அது ஒரு தனி மனிதனின் பிணை மட்டும் அல்ல. தொழிலாளர்கள் தங்கள் தலைவரைச் சந்திக்க முடியாமல் போகும். அதையும் சட்டத்தரணி எடுத்துரைக்க வேண்டும்.

சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. கட்டளை வந்தவுடன் தோட்டத் தலைவர் துரையிடம் போய், "இவருக்கு இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது; வழக்கு முடியும் வரை வேறு மலைக்கு, வேறு கங்காணியின் கீழ் போடுங்கள்" என்று எழுத்தில் கேட்க வேண்டும். இது நிர்வாகத்துக்கும் நல்லதுதான். இருவரையும் ஒரே நிறையில் நிற்க வைத்து மலையில் இன்னொரு சண்டை வந்தால் யாருக்கு லாபம்?

வீட்டு வன்முறையும் பாதுகாப்புக் கட்டளையும்

இப்போது சொல்லப் போவது சில ஆண் தோழர்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிபடும் ஒருவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை வரும். விசாரித்த பின் கொடுக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். அடிப்பவர் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றும், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது என்றும் நீதிமன்றம் தடுக்கலாம்.

இந்தச் சட்டத்தை நாம் வீட்டுச் சட்டமாக மட்டும் பார்க்கிறோம். உண்மையில் இது வேலைச் சட்டமும்தான். இரவு அடி வாங்கிய பெண் காலையில் பிரட்டுக்கு வருவதில்லை. முகத்தில் வீக்கம் இருந்தால் இரண்டு நாள் வருவதில்லை. சம்பள நாளில் காசைப் பறிக்க அவன் மடுவத்துக்கு வந்து நின்றால், அன்று கொழுந்து நிறுக்கும்போது அவளுடைய கை நடுங்கும். பள்ளிக்கூடத்தில் நமக்கு அது வேறு விதமாகத் தெரியவருகிறது: அந்த வீட்டுப் பிள்ளை மூன்று நாள் வராது. ஆகவே அவளுடைய வேலையைக் காப்பாற்றவும் அந்தக் கட்டளை தேவை.

பல தாய்மார் கட்டளை கேட்கத் தயங்குவது ஒரு பயத்தால். "அவர் வேலை போயிட்டா பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவா?" என்பதுதான் அந்தப் பயம். நியாயமான பயம். ஆனால் பாதுகாப்புக் கட்டளை என்பது வேலை நீக்கக் கட்டளை அல்ல. அது ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதும் அல்ல. கட்டளையை மீறினால்தான் குற்றம். அதற்குச் சிறையும் உண்டு.

தோட்டத்தில் ஒரு சிக்கல் வரும். கணவனும் மனைவியும் ஒரே செக்ரோலில் இருப்பார்கள். அவளுடைய வேலைத்தளத்துக்குப் போகக் கூடாது என்றால், அவனுடைய வேலைத்தளமும் அதுதானே? இதை மறைக்காமல் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். அவள் கொழுந்து மலையில், அவன் தொழிற்சாலையில் என்றோ, அவன் வேறு டிவிசனில் என்றோ ஒழுங்கு செய்ய முடியும் என்று நிர்வாகம் கடிதம் தந்தால், அவளுக்குப் பாதுகாப்பும் இருக்கும், வீட்டுக்கு வருமானமும் இருக்கும். அந்தக் கடிதத்தை வாங்கித் தருவது சங்கத்தின் வேலை. மாற வேண்டியவன் அவன்; அவளை வேறு மலைக்கு அனுப்பி அலைக்கழிக்கக் கூடாது. "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானே, வழக்க வாபஸ் வாங்கும்மா" என்று அவளிடம் போய்ச் சொல்வதும் சங்கத்தின் வேலை அல்ல. இருவரும் சந்தா கட்டுகிறார்கள். அவனுக்குக் கட்டளையை மீறாமல் வேலை செய்ய உதவுவோம். அவளுக்குக் கட்டளையின் பாதுகாப்போடு வேலை செய்ய உதவுவோம்.

பராமரிப்புப் பணமும் அப்படித்தான். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதா மாதம் கொடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். கொடுக்காவிட்டால் சம்பளத்தில் பிடிக்கும்படி வேலை கொடுப்பவருக்கே கட்டளை போகலாம். சிலர் அதிலிருந்து தப்ப வேலையையே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அதனால் என்ன லாபம்? பாக்கி ஏறும். பிடியாணை வரும். சிறைக்கும் போகலாம். சேமலாப நிதி நின்றுவிடும். பணிக்கொடைக்கு வருடம் குறையும். வருமானம் உண்மையிலேயே குறைந்திருந்தால் தொகையைக் குறைக்கும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். ஓடிப்போனவரால் அதைக் கேட்க முடியாது.

சிறைக்குப் பதிலாக வேலை

வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் எல்லோரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை உண்டு. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் உண்டு. குறிப்பிட்ட மணித்தியாலங்கள் பொது இடங்களில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். உத்தியோகத்தர் முன் வர வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவருக்கு ஆலோசனைக்கும் அனுப்பலாம்.

சிறைக்குப் போனால் வேலை போகும். இதில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் இங்கேயும் அதே பாடம்தான். சீர்திருத்த உத்தியோகத்தரிடம் முதல் நாளே உங்கள் வேலை நாட்களைச் சொல்லுங்கள். வேலை நாளைத் தவிர்த்து நேரம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். வெட்கப்பட்டு ஒளிந்தால் கட்டளை மீறப்படும். மறுபடியும் நீதவான் முன் நிற்க வேண்டும். அப்போது சிறைதான் என்றாகலாம்.

தோட்டம் செய்யக்கூடியதும் கூடாததும்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன் கீழ் காரணமில்லாமல் வேலையை விட்டுப் போவதே குற்றம். அதற்காக நீதவான் சிறையில் போடலாம். அந்தத் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டன. அந்தப் பயம் இன்னும் நம் இரத்தத்தில் இருக்கிறது. பொலிஸ், கோர்ட் என்றாலே வேலை போய்விட்டது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அதனால்தான் எதிர்த்துக் கேட்பதில்லை.

வழக்கு இருப்பது குற்றம் செய்ததற்கு அத்தாட்சி அல்ல. விளக்கமறியலில் இருப்பவர் வேலையைக் கைவிட்டவர் அல்ல. வேலையைக் கைவிட்டதாகச் சொல்ல, வராமல் இருந்தது மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணமும் இல்லாதிருக்க வேண்டும் என்று நம் நாட்டு நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. கம்பிக்குப் பின்னால் இருப்பவர் வர விரும்பவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்த எண்ணத்தை நாம் எழுத்தில் காட்ட வேண்டும். ஆள் உள்ளே போன இரண்டொரு நாளில், "இவர் இன்ன காரணத்தால் வேலைக்கு வர முடியவில்லை, விடுதலையானதும் வருவார்" என்று குடும்பத்தவரோ சங்கமோ நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினாலும் சரி. இந்த ஒரு கடிதம் பிறகு ஒரு வேலையைக் காப்பாற்றும்.

தோட்டம் தன் பங்குக்கு விசாரணை நடத்தலாம். வழக்கு வேலையோடு தொடர்புபட்டதாக இருந்தால் நிச்சயம் நடத்தும். நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்தாலும் உள்ளக விசாரணையில் வேறு முடிவு வரலாம். இரண்டும் வேறு வேறு. ஆகவே உள்ளக விசாரணைக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். விளங்காத கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "ராஜினாமா எழுதிக் கொடு, வழக்கை வாபஸ் வாங்குகிறோம்" என்று யாராவது சொன்னால், பேனையை எடுக்காமல் சங்கத்துக்கு வாருங்கள்.

ஒழுக்காற்று நடவடிக்கையாக வேலை நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நியாயமில்லை என்றால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். உறுப்பினருக்காகச் சங்கமே போகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். "வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்தால் அந்த 6 மாதம் ஓடிவிடும்.

வேலை போனால் லயத்தை விட்டு உடனே வெளியே போ என்றும் சொல்ல முடியாது. 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டத்தின்படி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் காம்பராவைப் பறிக்க முடியாது. கதவைப் பூட்டுவதும், கூரைத் தகரத்தைக் கழற்றுவதும் சட்டப்படியான வழிகள் அல்ல. வழக்கு இருக்கிறது என்பதற்காகப் பணிக்கொடையும் இல்லாமல் போகாது. 5 வருடம் வேலை செய்தவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. தோட்டத்தின் பணத்தையோ பொருளையோ மோசடி செய்ததால் நட்டம் வந்திருந்தால், அந்த நட்டத்தின் அளவுக்குத்தான் அதில் கை வைக்கலாம்.

தலைவர்களும் தலைவிகளும் செய்ய வேண்டியவை

இன்று வீட்டுக்குப் போகும்போது ஐந்து விடயங்களைக் கொண்டு போங்கள்.

முதலாவது, யாராவது நீதிமன்றத்துக்குப் போகும்போது அவருடைய வேலை விபரத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டத்தரணியின் கையில் கொடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த நாட்களில் வேலை, முறைப்பாட்டாளர் அதே தோட்டமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, கட்டளையைத் தமிழில் கேளுங்கள். அதன் பிரதியை எடுத்து வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்தாவது வையுங்கள்.

மூன்றாவது, விளக்கமறியல் என்றால் இரண்டொரு நாளில் தோட்டத்துக்குக் கடிதம்.

நான்காவது, நிபந்தனை வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் மாற்றித் தரும்படி நீதிமன்றத்தில் கேளுங்கள். மாறும் வரை மீறாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

ஐந்தாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருங்கள். யாருக்கு எந்த நாளில் கையெழுத்து, யாருக்கு எப்போது வழக்குத் தவணை என்று குறித்து வையுங்கள். தவணைக்கு முந்திய நாள் மாலையில் போய் ஞாபகப்படுத்துங்கள். அந்தக் கொப்பியை மற்றவர்கள் பார்க்க விடாதீர்கள். அது அவரவர் மானம் சம்பந்தப்பட்டது. வம்பளக்க அல்ல, உதவி செய்யத்தான் அந்தக் கொப்பி.

தோழர்களே, தாய்மாரே, நீதிமன்றத்தில் நிற்கும்போது நம்மில் யாருக்கும் வாய் வராது. தலை குனிந்து, கை கட்டி நிற்போம். மரியாதை வேண்டும்தான். ஆனால் மரியாதையாக நின்றுகொண்டே, "ஐயா, எனக்கு நாட்சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட அனுமதி தாருங்கள்" என்று சொல்ல முடியும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. வருடத்துக்கு 52 பேரை அந்த ஒரு வரி காப்பாற்றும்.

அடுத்த மாத வகுப்புக்கு வரும்போது கமிட்டிக்கு ஒரு கொப்பி எடுத்து வாருங்கள். எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம். கடிதம் எழுதவும் அன்றே பழகுவோம்.